இடைவேளைக்குப் பிறகு டாக்டர் பேசுவார்!

பழவேற்காட்டுக்குப் போகிறவர்களை மூன்று ரகமாகப் பிரிக்கலாம். முதல் ரகம், கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு பூநாரை பார்க்கப் போகிறவர்கள். இரண்டாவது ரகம், டச்சுக்காரர்களின் கல்லறையைப் பார்க்கப் போகிறவர்கள். மூன்றாவது ரகம், இறால் தின்னப் போகிறவர்கள். முதல் இரண்டு ரகத்தையும் ஓரமாகக் கூப்பிட்டு விசாரித்தால், அவர்களும் மூன்றாவது ரகம்தான் என்று தெரியவரும்.

நானும் என் ஆபீஸ் நண்பரும் ஒளிவுமறைவே இல்லாத மூன்றாவது ரகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி லோக்கலைப் பிடித்து, பொன்னேரியில் இறங்கி, அங்கிருந்து பஸ். ஜன்னல் ஓரம் சீட் கிடைத்தால் வயல், பனைமரம், அப்புறம் உப்புக் காற்று என்று வரிசையாக வரும். கிடைக்காவிட்டால் பக்கத்து ஆளின் மீன் கூடை. எப்படியும் ஊர் நெருங்கிவிட்டது என்பது மூக்குக்குத் தெரிந்துவிடும்.

ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உப்பங்கழி ஏரி இதுதான். ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவுக்கு, தெற்கு ஓரம் நமக்கு. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு. ராக்கெட் விடுகிற நாளில் இந்தக் குப்பத்து ஜனங்கள் வலையைக் கையில் பிடித்தபடியே, டிக்கெட் வாங்காமல் பால்கனி வகுப்பில் பார்க்கிறார்கள்.

1613-ல் டச்சுக்காரர்கள் இங்கே ஜெல்டிரியா என்று ஒரு கோட்டை கட்டினார்கள். இப்போது கோட்டை இருந்த இடத்தில் முட்புதர்தான் ராஜ்யம் நடத்துகிறது. ஆனால் அவர்கள் வாங்கி ஏற்றுமதி செய்த கட்டம் போட்ட துணியின் பேர் மட்டும் சாகவில்லை. மலேசியாவில் இன்றைக்கும் கைலிக்கு 'காயின் பெலிக்காட்' என்றுதான் பேர். 'பெலிக்காட்' என்பது வேறு ஒன்றுமில்லை, நம் பழவேற்காடுதான். இங்கே கோட்டை போச்சு, அங்கே கைலி நின்றது. வாழ்க்கைத் தத்துவம் வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளலாம்.

டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் இரண்டு பக்கமும் எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிற இடம். நண்பர் அந்த எலும்புக்கூட்டை ஏற இறங்கப் பார்த்தார்.

"வெயிட்டை நல்லா கன்ட்ரோல்ல வெச்சிருக்கான்" என்றார்.

இந்தப் பேச்சில் ஏதோ உள்குத்து இருக்கிறது என்று அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. என் மனசு முழுக்க இறாலில் இருந்தது.

* * *

ஏரிக்கரையில் ஒரு டீக்கடை. வழக்கமாக மூன்று ஸ்பூன் சர்க்கரை போடச் சொல்லி, மாஸ்டர் பார்க்காத நேரம் நாலாவதையும் போட்டுக்கொள்கிற நண்பர், அன்றைக்குக் குரலைத் தாழ்த்தி, "அண்ணே, எனக்குச் சக்கரை இல்லாம" என்றார்.

டீக்கடைக்காரர் குரலைத் தாழ்த்தவில்லை. "சுகரா சார்?" என்றார், அந்தப் பக்கம் போகிற படகுக்கும் கேட்கிற மாதிரி.

பெஞ்சில் இருந்த ஐந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நண்பரின் முகம் இறால் நிறத்துக்கு மாறியது. அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. ஆபீஸ் மெடிக்கல் செக்கப்பில் 'பார்டர்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் காகிதத்தை எட்டாக மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறார். வீட்டில் சொல்லவில்லை. சர்க்கரை இல்லாத டீயைக் குடித்த வேதனையில் இரண்டு பஜ்ஜியை எடுத்து ஆறுதல் தேடிக்கொண்டார்.

பக்கத்தில் வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "தம்பி, இப்படிக் குந்து" என்று இடம் விட்டார். காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். வலது காலில் இரண்டு விரல் இல்லை.

"இந்த ஏரில எறங்குனா ஏதாவது குத்தாம ஏற முடியாது தம்பி. கிளிஞ்சல் கிழிக்கும். கெளுத்தி முள்ளு ஏறும். குத்துனா வலிக்கும், வலிச்சா பாப்போம். எனக்கு வலிக்கல. ராத்திரி பாயில ரத்தம் இருக்குதுன்னு வீட்ல சொன்னாங்க. அப்பத்தான் தெரிஞ்சுது."

ஏரி பல இடங்களில் இடுப்பளவுதான். படகை விட்டு இறங்கி, வெறுங்காலோடு சேற்றில் நடந்துதான் பாதி வேலை. சர்க்கரை வருஷக்கணக்காகக் கூடுதலாக இருந்தால் காலின் நரம்பு மரத்துப்போகும். ஆபீஸ்காரனுக்குக் கால் மரத்தால், செருப்பு நழுவினது தெரியாது, அவ்வளவுதான். ஏரியில் நிற்கிறவனுக்குக் கால்தான் கண். குத்தினது தெரியாமல் புண் ஆழமாகிவிடும். பெரியவருக்கு அப்படித்தான் ஆகி, பட்டணத்து ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுத்திருக்கிறார்கள்.

"முன்னாடியே யாரும் சொல்லலையாண்ணே?" என்று நண்பர் கேட்டார். பஜ்ஜி கையிலேயே நின்றுவிட்டது.

"சொல்லாம இன்னா? போன்ல டெய்லி ஒரு டாக்டர் வராரு. வெந்தயம் தின்னுன்னு ஒருத்தர், தின்னாதன்னு ஒருத்தர். ஒருவாட்டி கேம்ப்னு வந்து டிவி வெச்சுப் படம் போட்டாங்க. நல்ல படம். முடிஞ்சதும் டிவிய அணைச்சு வேன்ல ஏத்திக்கினு பூட்டாங்க. எனக்கு ஒரு கேள்வி இருந்துச்சு. யாரக் கேக்கறது? டிவியவா?"

"என்ன கேள்விண்ணே?"

"ஊசி போட ஆரம்பிச்சா காலை எடுத்துடுவாங்களாமே, நெசமா?"

அந்தப் பயத்தில் அவர் ஒரு வருஷம் ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லையாம். ஊசி போட்ட இரண்டு பேருக்குக் கால் போனதைக் கண்ணால் பார்த்திருக்கிறார். அவர்கள் கால் கெட்டுப்போகிற அளவுக்கு முற்றிய பிறகு ஊசிக்கு வந்தவர்கள் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. வரவு எது, செலவு எது என்று மாற்றி எழுதிவிட்டால் கணக்கு எப்படி டேலி ஆகும்? ஊசியால் கால் போகவில்லை, ஊசி லேட்டாக வந்ததால் போனது. இதைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷத்துக்கு அங்கே ஆள் இல்லை.

* * *

இது டிவியை வேனில் ஏற்றினவர்களின் தப்பு மட்டும் இல்லை. நமக்கு அது பரம்பரை வழக்கம். 1948-ல் ஃபிலிம்ஸ் டிவிஷன் ஆரம்பித்த நாளிலிருந்து, தியேட்டரில் மெயின் படத்துக்கு முன்னால் ஒரு செய்திப்படம் போடுவார்கள். குடும்பக் கட்டுப்பாடு, கொசு ஒழிப்பு, வெள்ள நிவாரணம் எல்லாம் அதில் வரும். 'அது பீடி பிடிக்கறதுக்குன்னு கவர்மென்ட் குடுத்த டைம்' என்பார் என் அப்பா. படம் இருந்தது, சங்கதி இருந்தது. கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை.

மெயின் படமாவது உதவியதா என்றால் அதுவும் இல்லை. தமிழ் சினிமா ஹீரோவுக்கு வருகிற வியாதிகளைக் கவனித்திருக்கிறீர்களா? 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962), 'பயணங்கள் முடிவதில்லை' (1982), 'வாழ்வே மாயம்' (1982) எல்லாவற்றிலும் புற்றுநோய். இருமினால் கைக்குட்டையில் ரத்தம், உடனே ஒரு சோகப் பாட்டு. ஹீரோவுக்குச் சர்க்கரை வியாதி வந்து நான் பார்த்ததில்லை. வந்தால் எப்படிக் காட்டுவது? ராத்திரி நாலு தரம் பாத்ரூம் போகிறதற்கு டூயட் வைக்க முடியுமா? சத்தம் போடாமல் வருகிற வியாதிக்குச் சினிமாவில் சான்ஸ் கிடையாது. அதனாலேயே அதன் மேல் நமக்குப் பயமும் கிடையாது.

வெளியூரில் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பாஸ்டன் நகரை ஒட்டி புரூக்லைன் என்று ஓர் ஊர். அங்கே கூலிட்ஜ் கார்னர் என்கிற பழைய தியேட்டர் 2005-ல் 'சயின்ஸ் ஆன் ஸ்கிரீன்' என்று ஓர் ஏற்பாட்டைத் தொடங்கியது. விஷயம் ரொம்ப சிம்பிள். ஒரு படத்தைப் போடுவார்கள். கூடவே அந்த விஷயத்தில் ஊறின விஞ்ஞானியோ டாக்டரோ மேடையேறிப் பேசுவார், கேள்விக்குப் பதில் சொல்வார். பிறகு ஸ்லோன் அறக்கட்டளையின் உதவியோடு மற்ற ஊர்த் தியேட்டர்களுக்கும் இது பரவிவிட்டது.

'இதிலென்ன பெரிய கண்டுபிடிப்பு?' என்று கேட்கலாம். இருக்கிறது. டாக்டர் மட்டும் வந்து லெக்சர் கொடுத்தால் யாரும் வர மாட்டார்கள். வந்தாலும் கடைசி வரிசையில் தூங்குவார்கள். படம் மட்டும் போட்டால் அழுதுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். படம் ஆளை உட்கார வைக்கிறது, மனசை இளக்குகிறது. இளகின மனசில்தான் கேள்வி முளைக்கிறது. அந்த நேரத்தில் பதில் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும். மறுநாள் இருந்தால் பிரயோஜனம் இல்லை.

சர்க்கரை ஆராய்ச்சிக்கு இது எவ்வளவு அவசியம் என்பதற்கு ஒரு படத்தையே உதாரணம் காட்டலாம். 2022-ல் வந்த 'தி ஹியூமன் டிரையல்' என்ற டாகுமென்டரி. அதை எடுத்தவர்களில் ஒருவரான லீசா ஹெப்னருக்கே டைப்-1 சர்க்கரை. ஸ்டெம் செல்லிலிருந்து இன்சுலின் சுரக்கும் செல்களை வளர்த்து, ஒரு சின்னப் பையில் போட்டு, நோயாளியின் தோலுக்கு அடியில் வைத்துப் பார்க்கிற பரிசோதனையைப் பல வருஷம் பின்தொடர்ந்து எடுத்தார்கள். படத்தில் அற்புதம் எதுவும் நடப்பதில்லை. நம்பிக்கையோடு வந்தவர்கள் ஏமாற்றத்தையும் பார்க்கிறார்கள்.

படம் அங்கே முடிந்துவிட்டது. ஆராய்ச்சி முடியவில்லை. 2025 ஜூனில் வேறொரு கம்பெனியான வெர்டெக்ஸின் பரிசோதனை முடிவு வெளிவந்தது. ஸ்டெம் செல் தீவுகளை உடம்பில் ஏற்றிக்கொண்ட 12 பேரில் 10 பேருக்கு ஒரு வருஷம் கழித்து இன்சுலின் ஊசியே தேவைப்படவில்லை. இந்தச் செய்தி நம் போனுக்கு எப்படி வந்து சேரும்? 'சர்க்கரைக்கு மருந்து கண்டுபிடிச்சாச்சு, பத்து பேருக்கு ஃபார்வர்டு பண்ணவும்!' பக்கத்தில் ஒரு நிபுணர் இருந்தால்தான், "கொஞ்சம் பொறுங்க. இது டைப்-1-ல் ஆபத்தான லோ சுகர் வருகிறவர்களுக்கான பரிசோதனை. இந்த முடிவு ஒரு டஜன் பேரைப் பற்றியது. போட்டுக்கொண்டவர்கள் உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தைத் தொடர்ந்து சாப்பிட வேண்டும்" என்று பிரேக் போட முடியும்.

* * *

நம் ஊரிலும் இதற்குப் பக்கத்தில் வருகிற காரியம் ஒன்று நடந்திருக்கிறது, ஆனால் தலைகீழாக. சென்னைக்குத் தெற்கே, இப்போதைய செங்கல்பட்டு மாவட்டத்தில் சூணாம்பேடு. 2006-ல் மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன், உலக நீரிழிவு அறக்கட்டளையின் ஆதரவோடு அங்கே ஒரு வேனை அனுப்பியது. சாட்டிலைட் இணைப்பு இஸ்ரோ உபயம். அதாவது, இந்த ஏரிக்கு அக்கரையில் ராக்கெட் விடுகிற அதே இஸ்ரோ.

வேன் 42 கிராமங்களுக்குப் போனது. 23,380 பெரியவர்களுக்குப் பரிசோதனை நடந்தது. 1,138 பேருக்குச் சர்க்கரை. வேனுக்குள்ளேயே கண்ணின் விழித்திரையைப் படம் பிடித்து, சாட்டிலைட் வழியாகச் சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கே நிபுணர் உட்கார்ந்து பார்த்தார். கவனியுங்கள், இங்கே படத்தில் நடித்தவர்கள் கிராமத்து ஜனங்கள், ஆடியன்ஸ்தான் டாக்டர்! படமும் நிபுணரும் ஒரே நேரத்தில் சேர்ந்ததால் வேலை நடந்தது.

2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கின 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பி.பி., சுகர் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். நம் பெரியவர் வீட்டுக்கும் மாத்திரை வருகிறதாம். மாத்திரை வந்துவிட்டது. கேள்விக்குப் பதில்தான் இன்னும் வழியில் இருக்கிறது.

சரி, பழவேற்காட்டில் ஒரு சாயங்காலம் இரண்டு கழிகளை நட்டு, வெள்ளை வேட்டியைக் கட்டிப் படம் போட்டால் எந்தப் படத்தைப் போடலாம்? என் ஓட்டு 'குளோரி இனஃப் ஃபார் ஆல்'. 1988-ல் வந்த டெலிவிஷன் படம், இன்சுலின் கண்டுபிடித்த கதை. 1921-ல் டொரன்டோவில் பேன்டிங் என்கிற டாக்டரும் பெஸ்ட் என்கிற மாணவரும் நாய்களை வைத்து ஆராய்ச்சி பண்ணினார்கள். 1922 ஜனவரி 11-ம் தேதி லியோனார்ட் தாம்ப்சன் என்ற 14 வயசுப் பையனுக்கு முதல் ஊசி. அது சரியாக வேலை செய்யவில்லை. காலிப் என்ற விஞ்ஞானி மருந்தைச் சுத்தப்படுத்திக் கொடுத்தார். 23-ம் தேதி மறுபடி ஊசி, பையன் பிழைத்தான். பேன்டிங்குக்கும், லேபைக் கொடுத்த பேராசிரியர் மக்ளியாடுக்கும் 1923-ல் நோபல் பரிசு. நடுவில் இவர்களுக்குள் போட்ட சண்டை, மெகா சீரியல் தோற்கும். ஆனால் மருந்தின் உரிமையை ஆளுக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு டொரன்டோ பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்.

படம் முடிந்ததும் எழுந்து பேசுகிற நிபுணர், கதையின் இன்னொரு பாதியைச் சொல்ல வேண்டும். அது மீன் கதை. பழவேற்காட்டில் அதைச் சொன்னால் ஒரு குழந்தைகூடத் தூங்காது.

நம் வயிற்றில் இரைப்பைக்குப் பின்னால் கணையம் என்று ஒரு சின்ன ஃபேக்டரி. அதற்குள் அங்கங்கே திட்டுத் திட்டாகச் சில செல்கள். அவற்றின் பேரே 'தீவுகள்'தான். 1869-ல் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மன் மாணவர் முதலில் பார்த்தார். இன்சுலின் சுரப்பது அங்கேதான். ஆனால் மாட்டிலும் நாயிலும் அந்தத் தீவுகள் செரிமானச் சாற்றைச் சுரக்கிற சதைக்குள் கலந்து கிடக்கும். தனியே பிரிப்பது, சாம்பாரிலிருந்து உப்பைப் பிரிக்கிற வேலை.

சில மீன்களில் அப்படி இல்லை. தீவுகள் ஒன்றுசேர்ந்து தனி உருண்டையாக இருக்கும். இது தெரிந்த மக்ளியாட், 1922 கோடையில் கனடாவின் கடற்கரை ஊரான செயின்ட் ஆண்ட்ரூஸுக்குப் போய் மீனை அறுத்தார். அந்த உருண்டையின் சாறு ரத்தச் சர்க்கரையைக் குறைத்தது. மிச்சச் சதையின் சாறு குறைக்கவில்லை. இன்சுலினின் ஊற்று எது என்பது சந்தேகமில்லாமல் தெரிந்தது.

அறுபது வருஷம் கழித்து, 1980-களின் ஆரம்பத்தில், பாஸ்டனில் ஹேபனர் என்பவரின் குழு மறுபடியும் மீனிடம் போனது. தலையில் தூண்டில் மாதிரி ஒரு கம்பியை ஆட்டி, வாயைப் பிளந்து படுத்திருக்கிற ஆங்லர் மீன். அதன் தீவுச் செல்லின் மரபணுவை ஆராய்ந்தபோது கிடைத்த துப்பு, ஜி.எல்.பி-1 என்ற ஹார்மோன் வரைக்கும் கொண்டுபோனது. இன்றைக்குச் சர்க்கரைக்கும் உடம்பு இளைக்கவும் போட்டுக்கொள்கிறார்களே, செமாகுளுடைட் ஊசி, அது அந்த வழியில் வந்ததுதான். ஹேபனருக்கும் இன்னும் இருவருக்கும் 2024-ல் லாஸ்கர் விருது கொடுத்தார்கள். மீனுக்கு வழக்கம்போல ஒன்றும் கிடைக்கவில்லை.

நான் இந்தக் கதையை பெஞ்சில் சொன்னபோது பெரியவர் முடிச்சை நிறுத்திவிட்டார். "மீன் வவுத்துல இருந்தா எடுத்தான்? அத்த நாங்க காக்காய்க்கு இல்ல போடறோம்!"

* * *

பேச்சு சூடு பிடித்ததும் பெஞ்சில் எல்லோருக்கும் கேள்வி வந்துவிட்டது. ஒரு டாக்டர் இருந்திருந்தால் பாவம், டீ ஆறிப்போயிருக்கும். அங்கே காதில் விழுந்தவற்றில் சிலவும், அவற்றுக்கு டாக்டர்கள் சொல்கிற பதிலும்:

கருவாடு தின்னலாமா? மீனில் சர்க்கரைக்குப் பகை இல்லை, கருவாட்டின் உப்பு பி.பி.-க்குப் பகை. அளவோடு.

ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் இன்சுலினை எங்கே வைப்பது? ஈரமான மண்பானைக்குள், தண்ணீர் படாமல். திறந்த மருந்து வெயிலில் படாமல் இருந்தால் பெரும்பாலும் 4 வாரம் வரை தாங்கும். வகைக்கு வகை மாறும், அட்டையில் போட்டிருப்பதைப் பார்க்க வேண்டும்.

படகில் இருக்கும்போது மயக்கம் வந்தால்? ஊசியோ மாத்திரையோ போட்டுக்கொண்டு சாப்பிடாமல் வலை இழுத்தால் சர்க்கரை திடீரென்று இறங்கும். கை நடுங்கும், வியர்க்கும். மடியில் கொஞ்சம் சர்க்கரையோ குளுக்கோஸோ இருக்க வேண்டும். ஆமாம், சர்க்கரை நோயாளி சர்க்கரையைக் கட்டிக்கொண்டுதான் கடலுக்குப் போக வேண்டும்.

கால் மரத்துப்போச்சா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இது எனக்கே பிடித்த விஷயம். டாக்டர்கள் ஒரு நைலான் நரம்பை வைத்திருப்பார்கள், நம் தங்கூஸ் மாதிரி. 10 கிராம் அழுத்தத்தில் வளையும். கண்ணை மூடச் சொல்லி, பாதத்தில் அங்கங்கே அதை வைத்து வளைகிற வரை அழுத்துவார்கள். தெரிகிறது என்றால் காவல்காரன் முழித்திருக்கிறான். தெரியவில்லை என்றால் அன்றிலிருந்து ஏரியில் ரப்பர் ஷூ, தினமும் ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் பாதத்தைத் திருப்பிப் பார்ப்பது. அடிப்பாதம் தெரியாவிட்டால் வீட்டுக்காரம்மா பார்க்கட்டும்.

"தங்கூஸா! எங்க ஊட்ல கட்டுக்கட்டா கெடக்குதே" என்றார் பெரியவர். நல்லவேளை, டாக்டரின் நரம்பு அளவெடுத்துச் செய்தது, வீட்டுத் தங்கூஸால் ஆளாளுக்குக் குத்திப் பார்க்கக் கூடாது என்றும் சொல்லிவைத்தேன்.

கடைசியாக நண்பர்தான் கேட்டார். "எனக்குப் பார்டர்தானே? பயப்பட என்ன இருக்கு?"

இதற்கு நம் சென்னையிலேயே பதில் இருக்கிறது. பார்டரில் இருந்த 531 பேரை டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் மூன்று வருஷம் கவனித்து, 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான அறிவுரையோடு விட்டுவிட்டவர்களில் 100-க்கு 55 பேருக்கு முழுச் சர்க்கரை வந்துவிட்டது. நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடுமாக இருந்தவர்களில் அது 39 ஆகக் குறைந்தது. 2013-ல் அதே குழு இன்னொரு ஆய்வின் முடிவை வெளியிட்டது. பார்டரில் இருந்த 537 வேலைக்குப் போகும் ஆண்களில் பாதிப் பேருக்கு, 'நடங்க, எண்ணெயைக் குறைங்க' என்கிற மாதிரி செல்போனில் எஸ்.எம்.எஸ். அனுப்பினார்கள். இரண்டு வருஷத்தில் எஸ்.எம்.எஸ். வராதவர்களில் 27 சதவீதம் பேருக்குச் சர்க்கரை. வந்தவர்களில் 18 சதவீதம்தான். பேங்க் லோன் எஸ்.எம்.எஸ்.ஸால் இப்படி ஒரு நன்மை உண்டா?

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை, இன்னும் 13.6 கோடிப் பேர் பார்டரில் என்றது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம், அதாவது ஏழு பேருக்கு ஒருவர். உங்கள் ஆபீஸில் ஒரு வரிசை மேஜையை எண்ணிப் பாருங்கள்.

டெஸ்ட்டுக்கு முதல் இரண்டு நாள் இட்லியைக் குறைத்து ரிப்போர்ட்டை அழகாக்குகிற நம் வித்தையும் பலிக்காது. வெறும் வயிற்று டெஸ்ட் என்பது ஆடிட்டர் வருகிற அன்றைக்குக் கல்லாவில் இருக்கிற ரொக்கம். ஹெச்.பி.ஏ.1.சி. என்பது மூன்று மாத லெட்ஜர். புரட்டினால் போன மாசம் தின்ன ஜிலேபிகூட மாட்டிக்கொள்ளும்.

பெரியவர் நண்பரின் சட்டைப் பையைப் பார்த்துச் சொன்னார்: "மொதல்ல வீட்ல சொல்லு தம்பி. எம் பொஞ்சாதி பாயைப் பாக்கலன்னா நான் காலையே விட்டிருப்பேன்."

* * *

இந்தக் கூட்டத்தை எப்படி நடத்துவது என்பதற்கும் ஊரிலேயே வழி இருக்கிறது. இங்கே 'பாடு' என்று ஒரு முறை உண்டு. ஏரியில் நல்ல இடத்தில் வலை போட எல்லோரும் அடித்துக்கொள்ளாமல், சீட்டுக் குலுக்கி, முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். கேள்விக்கும் அதையே செய்யலாம். ஆம்பிளைகள் பத்துப் பேர் முன்னால் வாயைத் திறந்து வியாதி பற்றிக் கேட்க மாட்டார்கள். பேர் போடாமல் ஆளுக்கொரு சீட்டு எழுதிப் போடட்டும். குலுக்கி எடுத்ததை டாக்டர் படித்துப் பதில் சொல்லட்டும். டாக்டருக்கும் ஒரு கண்டிஷன்: படம் ஓடும்போது அவரும் கூட்டத்தோடு உட்கார்ந்து முழுசாகப் பார்க்க வேண்டும். பேச்சுக்குக் கால் பங்கு, கேள்விக்கு முக்கால் பங்கு.

இதைக் குப்பத்தில் நடத்தும் முன் எங்கள் ஆபீஸில் ஒத்திகை பார்க்கலாம் என்று முடிவு செய்தோம். கான்ஃபரன்ஸ் ஹாலில் புரொஜக்டர் இருக்கிறது. சேல்ஸ் டார்கெட் போட்டுக் காட்டியே பலருக்குச் சுகர் ஏற்றின புரொஜக்டர், கொஞ்சம் பிராயச்சித்தம் தேடிக்கொள்ளட்டும். நோட்டீஸ் போர்டுக்குக் கீழே ஒரு காலி பிஸ்கட் டப்பாவை வைத்து, 'கேள்விகளைப் போடவும், பேர் வேண்டாம்' என்று எழுதினோம். எழுதியவர் நண்பர். வீட்டில் சொல்லிவிட்டதால் இப்போது தைரியமாக நடமாடுகிறார்.

மூன்று நாள் கழித்து டப்பாவைத் திறந்தோம். நிறையச் சீட்டு. இரண்டில் சம்பள உயர்வு எப்போது என்று கேட்டிருந்தது, அதை ஒதுக்கிவைத்தோம். ஒன்றில் பீர் குடிக்கலாமா என்று. இன்னொன்றில் மாம்பழ சீசன் பற்றி.

அடியில் கிடந்த சீட்டு அழகான கையெழுத்தில் இருந்தது. நன்றாகப் படித்த கை என்று பார்த்ததுமே தெரிந்தது.

'அப்பாவுக்கு இன்சுலின் ஆரம்பிக்கச் சொல்கிறார்கள். ஊசி போட ஆரம்பித்தால் காலை எடுத்துவிடுவார்களாமே, நிஜமா?'

டாக்டரிடம் தேதி கேட்டிருக்கிறோம். முதல் சீட்டைக் குலுக்க வேண்டியதில்லை, அதைத்தான் எடுக்கப் போகிறோம்.